வீட்டிலேயே 765 கிராமில் ஒரு கயாக் துடுப்பு: முதன்முறை செய்பவர்களுக்கு

முட்டுக்காடு உப்பங்கழியில் வார இறுதிகளில் கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகை ஓட்டுகிறேன். கடையில் வாங்கிய என் பழைய துடுப்பு அலுமினியத் தண்டும், அதன் இரு முனையிலும் நீரைத் தள்ளும் பிளாஸ்டிக் இலைகளும் கொண்டது. எடை 1,180 கிராம். ஒரு மணி நேரத்தில் அதை மூவாயிரம் தடவைக்கு மேல் தூக்கி இறக்குகிறோம். இரண்டாவது மணி நேரத்தில் தோள்பட்டை கணக்குக் கேட்கும். இலேசான துடுப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே செய்வது என்று இறங்கினேன். முதல் முயற்சியில் இலைக்குள் வைத்த ஃபோம் உருகிப்போனது. இரண்டாவது துடுப்பு முழுதாக வந்தது, ஆனால் எடை 1,120 கிராம். மூன்றாவதுதான் 765 கிராம். நேராக அந்த மூன்றாவதற்கு நீங்கள் போய்விட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கார்பன் துணி போட்டாலே துடுப்பு இலேசாகிவிடும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். இலை என்பது நடுவில் ஃபோம், இரு முகத்திலும் ரெசின் என்ற திரவப் பிசினில் ஊறி இறுகிய துணி. இரண்டாவது துடுப்பில் இருந்த கூடுதல் எடை பெரும்பாலும் தேவைக்கு மேல் ஊற்றிய ரெசின். இந்த வேலைக்கு முதல் கருவி தராசு. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைப் பற்றி யோசியுங்கள்.

1. நீளத்தை முடிவு செய்யுங்கள்

படகின் அகலமும் உங்கள் உயரமும்தான் நீளத்தைத் தீர்மானிக்கும். 60 செ.மீ. அகலமுள்ள ஒடுங்கிய கயாக்கில் நடுத்தர உயரமுள்ளவருக்கு 215 முதல் 220 செ.மீ. சரியாக இருக்கும். மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான கயாக் என்றால் 230 செ.மீ. வேண்டும். இயன்றால் வெவ்வேறு நீளமுள்ள துடுப்புகளை இரவல் வாங்கி ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். தண்டை வெட்டிய பிறகு மனம் மாறினால் ஒட்ட வழியில்லை.

இங்கே நான் தரும் அளவுகள் 220 செ.மீ. துடுப்புக்கானவை. இலை ஒன்று 48 செ.மீ. நீளம், அதிக அகலம் 17 செ.மீ. தண்டு இலையின் முதுகில் 20 செ.மீ. தூரம் ஏறி முடியும். ஆகவே தண்டின் மொத்த நீளம் 164 செ.மீ. இதை 82 செ.மீ. கொண்ட இரண்டு துண்டுகளாக்கி நடுவில் இணைப்பு வைத்தால், கடைகளில் ஒரு மீட்டர் நீளத்தில் விற்கும் குழாய் இரண்டு போதும். நீளமான ஒரே குழாயை அனுப்பப் பார்சல் நிறுவனங்கள் கேட்ட கட்டணம் குழாய் விலையில் கால் பங்கு. இரண்டாகப் பிரியும் துடுப்பு காரின் பின்னிருக்கையிலும் அடங்கும்.

2. வாங்கும் பொருள்கள், செலவு, கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

நான் கொடுத்த விலைகள் இவை. ஊருக்கும் கடைக்கும் தகுந்தபடி மாறும்.

கார்பன் குழாய், 30 மி.மீ. வெளிவிட்டம், 27 மி.மீ. உள்விட்டம், ஒரு மீட்டர் நீளத்தில் 2: ரூ. 6,400
இணைப்புக்கு 26 மி.மீ. வெளிவிட்டமுள்ள கண்ணாடி இழைக் குழாய், 20 செ.மீ.: ரூ. 400
கார்பன் துணி, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்), ஒரு மீட்டர்: ரூ. 2,100
கண்ணாடி இழைத் துணி, 200 ஜி.எஸ்.எம்., 2 மீட்டர்: ரூ. 400
பி.வி.சி. ஃபோம், 6 மி.மீ., பாதி ஷீட்: ரூ. 1,100
எபாக்ஸி ரெசின் ஒரு கிலோ, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 100 கிராம்: ரூ. 1,150
உரித்தெடுக்கும் நைலான் துணி, 2 மீட்டர்: ரூ. 350
இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்: ரூ. 750
கையுறை, முகமூடி, உப்புத்தாள், பிரஷ், கப்: ரூ. 900
தராசு: ரூ. 450

மொத்தம் 14,000. லாரி பார்சல் கட்டணம் 850. ரெசின், ஃபோம் இரண்டும் பாதிக்கு மேல் மிஞ்சின. அடுத்த துடுப்புக்குக் குழாய்களும் துணியும் சில்லறைப் பொருள்களும் மட்டும் வாங்கினால் போதும்.

குழாயின் சுவர் கனத்தைக் குறைத்து எடை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஒரு மி.மீ. சுவர் கொண்ட குழாய் இன்னும் நூறு கிராம் இலேசு. ஆனால் படகின் விளிம்பில் இடித்தால் நசுங்கும். 1.5 மி.மீ. சுவரே போதுமான அளவு இலேசானது.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, ரெசின். நீங்கள் "ஃபைபர் ரெசின்" என்று கேட்டால் கடையில் பாலியெஸ்டர் ரெசினைத்தான் எடுத்துத் தருவார்கள். கூரை, தண்ணீர்த் தொட்டி வேலைக்கு அதுதான் அதிகம் போகிறது. விலை குறைவு. அதில் உள்ள ஸ்டைரீன், தெர்மாகோலையும் அதே இனத்தைச் சேர்ந்த எக்ஸ்.பி.எஸ். ஃபோமையும் கரைத்துவிடும். என் முதல் இலை கண்ணெதிரே குழிந்து, ஐந்து நிமிடத்தில் பாகு போல ஆனது. எபாக்ஸி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நான் பயன்படுத்தியது எல்.ஒய். 556 ரெசினும் எச்.ஒய். 951 ஹார்டனரும், நம் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பரவலாக இருக்கும் ஜோடி. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெரு ரசாயனக் கடைகளில் விசாரிக்கலாம்.

இரண்டாவது, துணி. நெசவில்லாமல் துண்டு இழைகளைத் தூவி ஒட்டிய "மேட்" வேண்டாம். அதன் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபாக்ஸியில் சரியாக இளகாது, ரெசினையும் அளவில்லாமல் குடிக்கும். நெய்த துணியாகப் பார்த்து வாங்குங்கள். மடிக்காமல், உருளையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்த கார்பன் துணியில் அந்தக் கோடு கடைசி வரை போகாது.

மூன்றாவது, அலுமினிய இணைப்புக் குழாய். எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் உப்புநீரில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி இறுகிவிடும். என் இரண்டாவது துடுப்பு இரண்டே மாதத்தில் பிரிக்க முடியாமல் பூட்டிக்கொண்டது. கண்ணாடி இழைக் குழாய்க்கு இந்தக் கேடு இல்லை.

தாள்களைப் பற்றி: ரெசினுக்குத் தொழில்நுட்ப விவரத் தாளும் பாதுகாப்பு விவரத் தாளும் உண்டு. கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். கலவை விகிதம் எடையிலா கன அளவிலா என்பது முதல் தாளில் இருக்கும். டப்பாவில் தயாரிப்புத் தேதியும் தொகுதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பீப்பாயிலிருந்து சில்லறையாக ஊற்றித் தந்தால் அந்த எண்ணை ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரெசின் இறுகாமல் போனால் கடையில் பேச உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். ஹார்டனர் அரிக்கும் தன்மையுள்ளது என்பதால் விமானக் கூரியரில் எடுக்க மறுப்பார்கள். என் பொட்டலம் ஒன்று திரும்பி வந்து பத்து நாள் போனது. தரைவழி லாரி பார்சல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழாயை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்துக்காகக் கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும். அதைத் தயாராக வைத்திருங்கள். சுங்க வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

3. நேரத்தைத் திட்டமிடுங்கள்

கைவேலை மொத்தம் இருபத்தைந்து மணி நேரம் ஆனது. அதை நான்கு வார இறுதிகளில் பரப்பினேன். ஒவ்வொரு முறை ரெசின் பூசிய பிறகும் 24 மணி நேரம் தொடக் கூடாது; எல்லாம் முடிந்த பிறகு தண்ணீரில் இறக்க 7 நாள் காத்திருக்க வேண்டும்.

ரெசின் வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் ரெசின் வேகமாக இறுகும். 70 கிராம் கலவை காலையில் எனக்கு அரை மணி நேரம் கைகொடுத்தது. மே மாத மதியத்தில் அதே அளவு பதினைந்து நிமிடத்தில் ஜெல்லி ஆனது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறு தொல்லை: ஈரக்காற்றில் ஹார்டனர் வினைபுரிந்து மேற்பரப்பில் மெழுகு போன்ற படலம் படியும். அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. உப்புத்தாள் போட்டால் படலம் இன்னும் உள்ளே தேயும். முதலில் வெதுவெதுப்பான நீரில் நாரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே உப்புத்தாளை எடுங்கள். தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம்.

4. அச்சு செய்யுங்கள்

இலை தட்டையாக இருந்தால் தண்ணீரில் படபடக்கும். மெல்லிய வளைவு வேண்டும்: 48 செ.மீ. நீளத்துக்கு நடுவில் 15 மி.மீ. உயரம். 12 மி.மீ. பிளைவுட்டில் இந்த வில் வடிவத்தில் மூன்று விலா வெட்டி நிறுத்துங்கள். மேலே 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலமுள்ள 4 மி.மீ. பிளைவுட்டை வளைத்து ஆணி அடியுங்கள். அதன்மேல் தடித்த பாலித்தீன் ஷீட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். எபாக்ஸி பாலித்தீனில் ஒட்டாது, மெழுகு தேவையில்லை.

இரண்டு இலைகளையும் இதே அச்சில்தான் செய்ய வேண்டும். இலையின் வடிவத்தை அட்டையில் பாதி வரைந்து, நடுவில் மடித்து வெட்டினால் இரு பக்கமும் ஒன்றாக வரும். ஒரு பக்கம் சாய்ந்த வடிவம் அழகாக இருக்கும், ஆனால் அதில் இரண்டாவது இலைக்கு அட்டையைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டும் ஒரே பக்கத்து இலையாகிவிடும். முதல் துடுப்புக்குச் சமச்சீர் வடிவமே போதும்.

5. முன்முகத்தை ஒட்டுங்கள்

முன்முகம் என்பது இலையில் நீரைத் தள்ளும் பக்கம்; தண்டு ஒட்டும் பக்கம் முதுகு. துடுப்பின் எடை முடிவாவது இந்தக் கட்டத்தில்தான். அவசரப்படாதீர்கள்.

முதலில் ஃபோமை அட்டையைவிடச் சுற்றிலும் 8 மி.மீ. சிறியதாக வெட்டுங்கள். ஓரத்தில் முன், பின் துணிகள் இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று ஒட்டுவதற்கான இடம் அது. ஃபோமின் கடைசி 25 மி.மீ. அகலத்தை முதுகுப் பக்கத்திலிருந்து உப்புத்தாளால் சரித்து, விளிம்பைக் காகிதம் போல ஆக்குங்கள். பிறகு கோணி ஊசியால் 3 செ.மீ. இடைவெளியில் துளை குத்துங்கள். உள்ளே சிக்கும் காற்று இவற்றின் வழியே வெளியேறும்.

துணியை 55 செ.மீ.க்கு 24 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு முகத்துக்குக் கார்பன் ஒன்று, கண்ணாடி இழை ஒன்று. கார்பனை நேராகவும் கண்ணாடி இழையை 45 பாகைச் சாய்விலும் வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் துணி வீணாகும். விலை குறைந்த கண்ணாடி இழைக்கு அந்த வேலையைக் கொடுத்தேன். இப்படிச் செய்தால் நான்கு முகத்துக்கும் ஒரு மீட்டர் அகலக் கார்பன் துணியில் 60 செ.மீ. நீளமே போதும்.

இப்போது கணக்கு. இரண்டு துணித் துண்டுகளின் எடை 53 கிராம். துணியின் எடைக்குச் சமமாக ரெசின், ஃபோமின் துளைகளை நிரப்ப இன்னும் ஒரு 17 கிராம்; ஆக 70 கிராம் கலவை. விகிதம் எடையில் 10-க்கு 1. ஆகவே 64 கிராம் ரெசினுக்கு 6.4 கிராம் ஹார்டனர். இங்கே ஒரு கிராம் தவறினாலும் விகிதம் கெட்டுவிடும். சமையலறைத் தராசு போதாது என்பது இதனால்தான். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று சொல்வார்கள். எபாக்ஸியில் அது நடக்காது; மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கி, இலை கடைசி வரை ரப்பர் போல நெளியும்.

கலவையை மூன்று நிமிடம் கிளறுங்கள். கப்பின் அடியையும் சுவரையும் வழித்துக் கிளற வேண்டும். கிளறியவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். கப்பிலேயே குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே கொதிக்கும். ஒருமுறை 200 கிராம் கலந்து கப்பில் விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் கப் தளர்ந்து சாய, மூச்சை அடைக்கும் வெள்ளைப் புகை மொட்டை மாடி முழுவதும் பரவியது. அப்படி ஆனால் கையில் தூக்காதீர்கள், அது ஆறும்வரை விலகி நில்லுங்கள்.

அச்சின் மேல் கண்ணாடி இழையை விரித்து, ரெசினை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏ.டி.எம். அட்டையால் தள்ளுங்கள். துணி கண்ணாடி போலத் தெளிந்ததும் கார்பனை மேலே வைத்து அதே போல. கார்பனில் ரெசின் ஊறியதா என்று கண்ணுக்குத் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், ஊறாத இடம் மங்கலாகவும் ஊறிய இடம் ஈர மினுமினுப்போடும் இருக்கும். அட்டையால் அழுத்தி இழுக்கும்போது முன்னால் ரெசின் குட்டை தேங்கினால் அது அதிகம். வழித்துத் தட்டில் போடுங்கள். ஃபோமின் அடிப்பக்கத்தில் மெல்லிய பூச்சுக் கொடுத்து மேலே வைத்து, பாலித்தீனால் மூடி, மணல் பைகளை நெருக்கமாக அடுக்குங்கள். மணல் வளைவுக்குத் தகுந்தபடி படியும். செங்கல் அப்படிப் படியாது.

மறுநாள் எடுத்து, ஹேக்ஸா பிளேடால் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி எடை பாருங்கள். 95 முதல் 105 கிராமுக்குள் இருந்தால் நல்ல வேலை. 130 வந்தால் அடுத்த இலையில் ரெசினைக் குறையுங்கள். இரண்டு இலைகளுக்கும் 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இலையின் நுனியில் ஏறும் 20 கிராம், தண்டின் நடுவில் ஏறும் 100 கிராமைவிடக் கையை அதிகம் வருத்தும்.

பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் இலை முழுவதும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் ஒட்டியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே காற்று. பென்சிலால் வட்டமிட்டு, சின்னத் துளையிட்டு ஊசிக் குழாயால் ரெசின் செலுத்துங்கள்.

6. தண்டைப் பொருத்துங்கள்

குழாயின் முனையை 20 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். நாணல் பேனா முனை போல இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட்டு அறுங்கள். டேப் இழை பிய்வதைத் தடுக்கும். அறுத்தது இலையின் வளைவில் உட்காராது. இலையின் முதுகில் உப்புத்தாளை விரித்து, குழாயை அதன்மேல் முன்னும் பின்னும் இழுங்கள். வளைவு தானாகக் குழாயில் ஏறிவிடும்.

கார்பன் தூளில் கவனம் வேண்டும். தோலில் முள்ளாகக் குத்தும், நுரையீரலுக்குக் கேடு, மின்சாரத்தையும் கடத்தும். என்-95 முகமூடி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். சுவிட்சுப் பலகை, கணினி இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

சீவிய முனைக்குள் ஃபோம் துண்டை அடைத்து, மைக்ரோ பலூன் என்ற உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகளாலான தூள் கலந்து பட்டி பதமாக்கிய எபாக்ஸியால் முதுகில் ஒட்டுங்கள். தண்டும் இலையின் நடுக்கோடும் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். அரை அங்குலம் விலகினாலும் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் துடுப்பு கையில் திருகும். தண்டும் இலையும் தொடும் மூலைகளை இதே பட்டியால் நிரப்பி, விரலை ஓட்டிச் சரிவாக வழித்துவிடுங்கள்.

7. முதுகையும் ஓரத்தையும் முடியுங்கள்

முதுகுக்கும் கார்பன் ஒன்று, கண்ணாடி இழை ஒன்று. அதே 70 கிராம் கலவை. துடுப்பு உடையும் இடம் தண்டும் இலையும் சேரும் கழுத்து. அங்கே 45 பாகையில் வெட்டிய கார்பன் பட்டைகள் மூன்றை 10, 13, 16 செ.மீ. என்று நீளம் மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் அந்தக் கோட்டிலேயே முறியும்.

எல்லாவற்றுக்கும் மேல் நைலான் துணியைப் போட்டு அழுத்துங்கள். மிஞ்சிய ரெசினை அது உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் உரித்தால் சொரசொரப்பான, அடுத்த பூச்சுக்குத் தயாரான பரப்பு கிடைக்கும். நீர் ஒட்டாமல் பூச்சுக் கொடுத்த குடைத் துணியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பூச்சு ரெசினில் தங்கினால் பெயின்ட் உரியும்.

ஓரத்தை அரத்தால் ராவி உருட்டியபின், ரெசின் ஒன்றிரண்டு பூச்சுக் கொடுங்கள். முட்டுக்காடு பாலத்தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்தி போன்றவை. ஓரத்தில் ஃபோம் வெளியே தெரிந்தால் அங்கிருந்துதான் தண்ணீர் ஏறும்.

8. நடு இணைப்பு

26 மி.மீ. குழாயில் 10 செ.மீ. ஒரு பாதித் தண்டுக்குள் ஒட்டப்படும், மீதி 10 செ.மீ. மற்றதில் வழுக்கிப் போக வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை மி.மீ. இடைவெளி இருப்பதால் கண்ணாடி இழைத் துணியை ரெசினோடு இரண்டு சுற்றுச் சுற்றி, இறுகிய பின் உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்திப் பாருங்கள். இதற்கு ஒரு மாலை முழுவதும் ஆகும். நான் அவசரத்தில் அதிகம் தேய்த்து, ஆட்டம் கண்டு, மறுபடி சுற்றினேன்.

பூட்டுவதற்கு அமுக்கினால் உள்ளே போகும் துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் குமிழ் ஒன்று. துளையை இலைகள் ஒரே தளத்தில் இருக்கும்படி ஒன்றும், 30 பாகைத் திருப்பத்தில் ஒன்றும் போடுங்கள். மதியம் கடற்காற்று எதிரே வீசும்போது இரண்டாவது உதவும். துளையின் உள்விளிம்புகளுக்கு ரெசின் தடவ மறக்காதீர்கள். இரண்டு பாதிகளின் உள்ளும் ஃபோம் அடைப்பு வைத்து ரெசினால் மூடினால் துடுப்பு தவறி விழுந்தாலும் மிதக்கும்.

9. பெயின்ட்

எபாக்ஸி வெயிலில் மஞ்சளித்து உதிரும். பாலியூரித்தேன் பூச்சு இல்லாமல் வெளியே எடுக்காதீர்கள். இலைகளுக்கு வெள்ளை அடித்தேன். கார்பனின் கறுப்பு அழகை மறைக்க மனம் வரவில்லைதான். ஆனால் வீட்டுச் சூட்டில் இறுகிய எபாக்ஸி ஐம்பது, அறுபது பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். நம் வெயிலில் கறுப்புப் பரப்பு அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். மூடிய காரிலும் வைக்காதீர்கள். வெள்ளை இலை மேலும் கீழும் அசைவது மீன்பிடிப் படகுக்காரர்களுக்குத் தொலைவிலிருந்தே தெரியும். பூச்சு இரண்டு போதும். நான் இரண்டு இலைக்கும் சேர்த்துச் செலவிட்டது 35 கிராம்.

10. சோதனை

ஏழு நாள் கழித்து, துடுப்பின் இரண்டு கழுத்துகளையும் துணி சுற்றிய ஸ்டூல்களின் மேல் வைத்து, நடுவில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். தண்டு மெல்ல வளைந்து, எடுத்ததும் நேராக வேண்டும். நறநறவென்று சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கண்டுபிடித்து, அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி துணி ஒட்டுங்கள்.

முதல் மூன்று தடவை கரையோரத்தில், இடுப்பளவு நீரில், உயிர்காப்பு ஜாக்கெட்டோடு ஓட்டுங்கள். பழைய துடுப்பைப் படகில் கட்டி வைத்திருங்கள். ஒவ்வொரு தடவையும் கரையேறியதும் நன்னீரில் கழுவி, இணைப்பைப் பிரித்து வையுங்கள். கழுத்தையும் ஓரத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் கீறல் இருந்தால் அதைக் காயவைத்து, அன்றைக்கே ஒரு சொட்டு ரெசின் வைத்துவிடுங்கள்.